கட்டுப்போடாத ஆப்பரேஷன்

சத்திரப்பட்டியில் சீனியம்மாள் இதுவரை சுற்றிய பேண்டேஜ் துணியை அவிழ்த்து நீட்டினால் அது கன்னியாகுமரியைத் தாண்டிக் கடலுக்குள் இறங்கிவிடும் என்று அவள் புருஷன் பால்ச்சாமி சொல்லுவான். பால்ச்சாமி சொல்வதில் எப்போதும் பாதியைத் தள்ளிவிட வேண்டும். மீதிப் பாதியே போதும், அவள் எவ்வளவு உழைத்திருக்கிறாள் என்று தெரிந்துகொள்ள.

ராஜபாளையத்தை அடுத்த அந்த ஊரில் தறிச் சத்தம் கேட்காத தெரு கிடையாது. நெய்வது வேட்டியோ சேலையோ அல்ல, காயத்துக்குக் கட்டும் துணி. தறியிலிருந்து இறங்கி, வெளுத்து, வெயிலில் காய்ந்து வரும் அந்த மெல்லிய துணியை இரண்டு இஞ்ச், நாலு இஞ்ச், ஆறு இஞ்ச் என்று அறுத்து ரோலாகச் சுற்றுவது சீனியம்மாளின் வேலை. வலது கையால் மெஷின் கைப்பிடியைச் சுழற்ற வேண்டும். இடது கையால் துணி கோணாமல் தாங்கிக் கொடுக்க வேண்டும். ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்திலிருந்து 1974-இல் மருமகளாக வந்தவள், மூன்றாம் மாதமே அந்தக் கைப்பிடியைப் பிடித்தாள். மகன் பிறந்தபோது கொஞ்ச நாள் விட்டதோடு சரி. அந்த மகன் இப்போது திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறான்.

அவள் குடியிருந்த தெருவில் நோயை அளப்பதற்கு ஒரு தனிக் கணக்கு இருந்தது. யாராவது ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பினால் என்ன வியாதி, எந்த டாக்டர் என்றெல்லாம் கேட்பது பிறகுதான். முதல் கேள்வி, “எத்தன ரோல் போச்சு?” என்பது. காலில் முள் குத்தினால் இரண்டு இஞ்சில் ஒன்று. குடல் ஆப்பரேஷன் என்றால் ஆறு இஞ்சில் நாலாவது போக வேண்டும். ரோல் கூடக் கூட நோயாளிக்கு மரியாதையும் கூடும். காலமெல்லாம் கட்டுத்துணி சுற்றுகிறவர்கள் உலகத்தை வேறு எதைக் கொண்டு அளப்பார்கள்?

1997 கடைசியில் சீனியம்மாளுக்கு இருமல் வந்தது. பஞ்சுத் தூசி என்றார்கள். ஆடாதொடைக் கஷாயம் குடித்தாள், இருமல் மருந்து நாலு பாட்டில் குடித்தாள், இருமல் போகவில்லை. தைப் பொங்கல் கழிந்து ஒருநாள் துப்பியதில் ரத்தம் கலந்திருந்தது. ராஜபாளையத்து டாக்டர் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தார். வலது நுரையீரலின் மேல்பாகத்தில் ஐம்பது பைசா அளவுக்கு ஒரு நிழல். மதுரைக்கு அனுப்பி ஸ்கேன் எடுத்து, ஊசி போட்டுச் சதையெடுத்துச் சோதித்தார்கள். புற்றுநோய் என்று வந்தது.

“பீடி குடிக்கிறவுகளுக்கு வாரதுன்னுல்ல சொல்லுவாக? நான் வெத்தல கூடப் போடாதவ. எனக்கு என்னத்துக்கு வரணும்?” என்று கேட்டாள். டாக்டர் பேனாவை மூடித் திறந்துகொண்டிருந்தார். சில கேள்விகளுக்குப் படித்தவர்களிடமும் பதில் கிடையாது.

நோயைக் கேட்டு அவள் பயந்ததை விட ஆப்பரேஷன் என்று கேட்டுப் பயந்ததுதான் அதிகம். அதற்குக் காரணம் அவள் அண்ணன் சோலைச்சாமி. மடவார் வளாகத்தில் கொத்தனாராக இருந்தவர். 1986-இல் நுரையீரலில் கட்டி என்று அவர் மார்பைத் திறந்தார்கள். அந்தக் காலத்தில் வேறு வழி இல்லை. மார்புக்காம்புக்குக் கீழே தொடங்கிய வெட்டு, விலாவைச் சுற்றி முதுகில் தோள்பட்டை வரை போனது. ஒரு விலா எலும்பையும் எடுத்துவிட்டார்கள். அந்த வெட்டுத்தான் அவரைப் பிழைக்க வைத்தது, அதை மறைத்துப் பேசக் கூடாது. ஆனால் அதற்குப் பிறகு அவருடைய வலது கை தோளுக்கு மேல் எழும்பவே இல்லை. கொத்தனார் வேலை போயிற்று. ஒரு கல்யாண மண்டபத்தில் வாட்ச்மேன் ஆனார். சட்டை மாட்டிவிடுவது பெண்டாட்டி வேலை. மழை இறங்கினால் விலாவில் வலி இறங்கும். கேட்டவர்களுக்கும் கேட்காதவர்களுக்கும் சட்டையைத் தூக்கித் தழும்பைக் காட்டுவார். பதினேழு ரோல் போனதாம். தெருவே கையெடுத்துக் கும்பிடும்.

“எங்க அண்ணன மாதிரி என்னையப் பிளக்கறதா இருந்தா நான் வரல. கைப்பிடி சுத்த முடியாத கைய வச்சுக்கிட்டு நான் என்ன செய்யப் போறேன்?” என்று ராஜபாளையத்து டாக்டரிடம் சீனியம்மாள் கறாராகச் சொல்லிவிட்டாள்.

அவர் பொறுமைசாலி. மெட்ராஸில் ஒரு டாக்டர் மார்பைப் பிளக்காமல், சின்னத் துளைகள் வழியாகக் கேமராவை உள்ளே விட்டு, டி.வி.யில் பார்த்தபடி நுரையீரல் ஆப்பரேஷன் செய்கிறார் என்றார். வெளிநாட்டில் கற்றுக்கொண்டு வந்து கொஞ்ச காலம்தான் ஆகிறது. எல்லோருக்கும் அப்படிச் செய்துவிட முடியாது. கட்டி சின்னதாக, பரவாமல் இருக்க வேண்டும். “உங்களுக்குச் சீக்கிரமே தெரிஞ்சிருக்கும்மா. அதனால முடியும்னு நினைக்கேன். உள்ள போன பிறகு சிக்கல் இருந்தா, திறக்கத்தான் வேணும். அதையும் இப்பவே சொல்லிடுதேன்.”

பால்ச்சாமி அன்று ராத்திரி சாப்பிடவில்லை. மறுநாள் காலையில், “போவோம்” என்றான். செலவுக்கு என்ன செய்தார்கள் என்று எழுத ஆரம்பித்தால் கதை வேறு பக்கம் போய்விடும். முதலாளி உதவினார், மகன் உதவினான், போனார்கள்.

புறப்படுகிற அன்று சீனியம்மாள் ஒரு மஞ்சள் பையில் ஆறு இஞ்ச் ரோல் இரண்டு டஜன் எடுத்து வைத்துக்கொண்டாள். எல்லாம் அவளே சுற்றியவை. ஆஸ்பத்திரியில் மட்டமான துணியை வைத்துக் கட்டிவிட்டால் என்ன செய்வது? மெட்ராஸ் ஆஸ்பத்திரி நர்ஸ் அந்தப் பையைத் திறந்து பார்த்துவிட்டுக் கீழே உட்கார்ந்து சிரித்தாள். சீனியம்மாளுக்குச் சிரிப்பு வரவில்லை. “வச்சுக்கோங்கம்மா, தேவைப்படும்” என்றாள்.

மயக்கம் தெளிந்ததும் அவள் முதலில் தேடியது கட்டுத்துணியை. இடது கையால் மார்பைத் தடவினாள். துணியே இல்லை. அக்குளுக்குக் கீழே மூன்று விரல் அகலத்துக்கு ஒரு பிளாஸ்திரி. அதற்குக் கீழே, தள்ளித் தள்ளி, சுண்டுவிரல் நுழைகிற அளவுக்கு இரண்டு. அதில் ஒன்றிலிருந்து ஒரு ரப்பர் குழாய் கீழே பாட்டிலுக்குப் போனது. வலி இருந்தது, இல்லாமல் இல்லை. ஆனால் பிள்ளை பெற்ற வலிக்கு முன்னால் அது ஒன்றுமில்லை என்று பின்னால் சொன்னாள்.

மறுநாள் பாட்டிலைக் கையில் பிடித்துக்கொண்டு வராந்தாவில் நடக்க வைத்தார்கள். மூன்றாம் நாள் குழாயை எடுத்தார்கள். நாலாம் நாள் காலையில் குளித்துவிட்டு வந்து, பக்கத்துக் கட்டிலில் இருந்தவளோடு பேசிக்கொண்டே இரண்டு கையையும் தூக்கித் தானே கொண்டை போட்டாள். போட்டு முடித்த பிறகுதான் தான் என்ன செய்தோம் என்று அவளுக்கே உறைத்தது. வலது கையை இறக்கினாள். மறுபடி தூக்கினாள். பால்ச்சாமியைப் பார்த்து, “இங்காருங்க” என்று அழைத்து மூன்றாவது தடவையும் தூக்கிக் காட்டினாள்.

ஆப்பரேஷன் முடிந்த கையோடு டாக்டர் பால்ச்சாமியை உள்ளே கூப்பிட்டு, எடுத்ததை ஒரு தட்டில் வைத்துக் காட்டியிருந்தார். சொந்தக்காரர்களிடம் காட்டிவிடுவது அங்கே பழக்கம்.

“பாத்தீகளா?”

“பாத்தேன்.”

“எம்புட்டு இருந்துச்சு?”

பால்ச்சாமி விரல்களைக் குவித்து ஓர் எலுமிச்சம்பழ அளவு காட்டினான். அவளும் சரியென்று விட்டுவிட்டாள். ஆறாம் நாள் பஸ் ஏறி ஊர் வந்து சேர்ந்தார்கள். மஞ்சள் பையும், அதற்குள் இருபத்து நாலு ரோலும், பிரிக்காமல் கூடவே வந்தன.

அங்கேதான் வினை பிடித்தது.

பை நிறைந்தபடியே திரும்பி வந்ததைப் பஸ் ஸ்டாப்பிலேயே பார்த்துவிட்டார்கள். அவள் வீட்டுக்குள் நுழையும்போதே தெருப் பெண்கள் பின்னாலேயே வந்துவிட்டார்கள். “எத்தன ரோல் போச்சு?” என்று ஒருத்தி கேட்டாள். “ஒன்னும் போகல” என்று சீனியம்மாள் பெருமையாகச் சொன்னாள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். சாயங்காலம் மடவார் வளாகத்திலிருந்து சோலைச்சாமி வந்தார். குடும்பத்தில் மார்பு ஆப்பரேஷனுக்கு அவர்தான் அத்தாரிட்டி. தங்கச்சி ஜாக்கெட்டை ஓரமாக ஒதுக்கிப் பிளாஸ்திரிகளைக் காட்டினாள். கையைத் தூக்கி, உறியில் இருந்த தயிர்ச்சட்டியை எடுத்து அவருக்கு மோர் கலக்கிக் கொடுத்தாள். அவர் மோரைக் குடிக்காமல் அவள் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். வாசலுக்கு வந்து பால்ச்சாமியிடம் சொன்னார்:

“மாப்ள, இது ஆப்பரேஷனே இல்ல. ஓட்ட போட்டு உள்ள பாத்திருக்காக. கைமீறிப் போச்சுன்னு தெரிஞ்சதும் மூடி அனுப்பிச்சிட்டாக. நெஞ்சுக்குள்ள இருந்து ஒன்ன எடுக்கணும்னா எம்புட்டுத் தொறக்கணும்னு எனக்குத் தெரியாதா?”

மெதுவாகச் சொன்னதாகத்தான் அவர் நினைத்துக்கொண்டார். ஊர் வாயை மூட உலைமூடி ஏது? விடிவதற்குள் தெரு முழுக்கத் தெரிந்துவிட்டது. சீனியம்மாளுக்கு மட்டும் யாரும் சொல்லவில்லை.

அவளுக்குச் சாப்பாட்டில்தான் முதலில் சந்தேகம் தட்டியது. நோயாளியைப் பார்க்க வருகிறவர்கள் ரொட்டியும் சாத்துக்குடியும் கொண்டுவருவார்கள். இரண்டாம் நாளே ஒருத்தி கோழிக் குழம்பு கொண்டுவந்தாள். அடுத்தவள் ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவைக் கால் கிலோ இல்லை, ஒரு கிலோ வாங்கி வந்தாள். “ஒனக்கு வேற என்ன சாப்பிட ஆசையா இருக்கு, சொல்லு தாயி” என்று கேட்டுவிட்டு முந்தானையால் மூக்கைத் துடைத்தார்கள். நம் ஊரில் இப்படிக் கேட்டுக் கேட்டு ஊட்டுவது இரண்டு பேருக்குத்தான்; ஒருத்தி மசக்கைக்காரி. சீனியம்மாளுக்கு வயது நாற்பத்து நாலு.

அப்போதும் அவள் தைரியமாகத்தான் இருந்தாள், சுடலைமாடத்தி வருகிற வரைக்கும். எதிர்வீட்டு சுடலைமாடத்தி அவளோடு ஒன்பது வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லாதவள். குழாயடியில் ஒரு குடத்துக்காக ஆரம்பித்த சண்டை, சாபம் வரைக்கும் போய் நின்றிருந்தது. அந்தச் சுடலைமாடத்தி ஒரு காலையில் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தாள். கட்டிலில் உட்கார்ந்து சீனியம்மாளின் கையைப் பிடித்துக்கொண்டு, “நான் பேசுனத மனசுல வச்சுக்கிட்டுப் போயிராதட்டி” என்று அழுதாள்.

கோழிக் குழம்புக்குக் கலங்காத சீனியம்மாள், எதிரியின் அன்புக்குக் கலங்கினாள். இத்தனை வருஷம் முறைத்தவள் வந்து மன்னிப்புக் கேட்கிறாள் என்றால், எனக்கு நாள் குறித்தாகிவிட்டது என்றுதானே அர்த்தம்?

சுடலைமாடத்தி போனதும் புருஷனைக் கூப்பிட்டாள்.

“நெசமாச் சொல்லுங்க. அத எடுத்தாங்களா, இல்லையா?”

“எடுத்தாச்சு புள்ள. நாந்தான் கண்ணால பாத்தேன்லா.”

“எம்புட்டு இருந்துச்சு?”

பால்ச்சாமி இந்த முறை இரண்டு கையையும் சேர்த்து ஒரு தேங்காய் அளவு காட்டினான். இரண்டு நாள் விட்டு மறுபடி கேட்டாள். சின்ன வெங்காய அளவு காட்டினான். என்ன நிறம் என்று கேட்டாள். கொல்லைப்பக்கம் மாடு கத்துகிறது என்று எழுந்து போய்விட்டான். அவர்களுக்கு மாடு கிடையாது.

இவர் பொய் சொல்கிறார் என்று அவளுக்கு உறுதியாகிவிட்டது. அண்ணன் சொன்னதாகத் தெருவில் அரசல்புரசலாக அடிபட்டதும் அதற்குள் அவள் காதுக்கு வந்துவிட்டது. அதன்பின் சீனியம்மாள் தன் உடம்பை நம்பவில்லை. வலி குறைந்தால், உள்ளே மரத்துப்போய்விட்டது என்று நினைத்தாள். பசித்தால், கட்டி கேட்கிறது என்று நினைத்தாள். கைப்பிடியைச் சுழற்றக் கை தயாராக இருந்தது. ஆனால் பத்து நாளில் சாகப் போகிறவள் வேலைக்குப் போய் என்ன செய்வது என்று சுவரைப் பார்த்துப் படுத்துவிட்டாள். கத்தி பண்ணாத காரியத்தை ஊர்ப்பேச்சு பண்ணியது.

ஒரு மாதம் கழித்து மெட்ராஸுக்கு வரச் சொல்லியிருந்தார்கள். போகமாட்டேன் என்றவளைப் பால்ச்சாமி கெஞ்சிக் கூட்டிப்போனான். டாக்டர் புது எக்ஸ்ரேயைப் பார்த்தார், மூச்சை இழுத்து விடச் சொன்னார், முகம் மலர்ந்து, “ரொம்ப நல்லாயிருக்கும்மா, வேலைக்குப் போகலாம்” என்றார்.

சீனியம்மாள் எழுந்து நின்று கும்பிட்டாள். “டாக்டரய்யா, ஒங்க பிள்ளைகுட்டி மேல சத்தியமாச் சொல்லுங்க. அத எடுத்தீங்களா, இல்ல பாத்துட்டு மூடிட்டீங்களா?”

டாக்டர் திகைத்துப்போனார். ஃபைலைத் திறந்து ஒரு காகிதத்தை எடுத்துக் காட்டினார். எடுத்த சதையைச் சோதித்த ரிப்போர்ட்; பக்கத்து நெறிகட்டிகளுக்கும் நோய் பரவவில்லை; அதனால் வேறு மருந்து கூடத் தேவையில்லை என்று விளக்கினார். இங்கிலீஷ் காகிதம் என்ன வேண்டுமானாலும் சொல்லும் என்று அவள் நின்றாள்.

“உங்க வீட்டுக்காரர்கிட்ட காட்டினேனேம்மா!”

இரண்டு பேரும் பால்ச்சாமியைப் பார்த்தார்கள். முப்பது வருஷம் விசைத்தறி ஓட்டிய அந்த மனுஷன், வாத்தியாரிடம் மாட்டிக்கொண்ட பிள்ளை போலத் தலையைக் குனிந்துகொண்டான்.

“நான் பாக்கல” என்றான். “தட்டக் கொண்டாந்ததும் கண்ண இறுக்கி மூடிக்கிட்டேன். ஒன் நெஞ்சுக்குள்ள இருந்தத எப்படிப் புள்ள பாக்க? ‘பாத்தாச்சா’ன்னு கேட்டாக. ‘பாத்தாச்சு’ன்னுட்டேன்.”

பூனை கண்ணை மூடிக்கொண்டால் உலகம் இருண்டு போகுமா? பால்ச்சாமி கண்ணை மூடியதில் சீனியம்மாளின் உலகம் ஒரு மாதம் இருண்டு கிடந்தது. அவளுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அடுத்த நிமிஷம், அவன் கண்ணை மூடிக்கொண்டு நின்ற காட்சி மனதில் வந்து கோபத்தை முழுசாகச் சேரவிடாமல் பண்ணிற்று.

டாக்டர் சிரிக்கவில்லை. கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னார். இவ்வளவு சின்னத் துளை வழியாக எப்படி வெளியே வந்தது என்று கேட்டாள். நுரையீரல் காற்று நிறைந்த பொருள், காற்றை எடுத்துவிட்டால் சுருங்கிவிடும், ஒரு பைக்குள் போட்டுச் சுருட்டி இழுத்துவிடலாம் என்றார். அது அவளுக்கு உடனே புரிந்தது. கம்பெனியில் ஓர் அறை நிறையக் கிடக்கும் துணியைப் பிரஸ்ஸில் அமுக்கி ஒரு சின்னப் பொதியாக்கி லாரியில் ஏற்றுவதை அவள் தினமும் பார்க்கிறவள். பிறகு அவர் ஏதோ யோசித்து, அலமாரியைத் திறந்தார்.

“எங்க பசங்களுக்குப் பாடம் எடுக்கறதுக்காக எல்லா ஆப்பரேஷனையும் கேசட்ல பதிஞ்சு வைப்போம். உங்களோடதும் இருக்கு. ஒரு காப்பி தரேன். நீங்களே பாத்துக்கோங்க.”

மறு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ராஜபாளையத்திலிருந்து வீடியோ டெக் வாடகைக்கு வந்தது. தெருவில் கலர் டி.வி. இருந்தது சுடலைமாடத்தி வீட்டில். பகல் வெளிச்சம் விழாதபடி வாசலிலும் ஜன்னலிலும் கம்பெனித் துணியை நாலாக மடித்துத் தொங்கவிட்டார்கள். தெருவே உள்ளே வந்து உட்கார்ந்தது. இரண்டு பேர் முறுக்கு கொண்டுவந்திருந்தார்கள். படம் என்றால் முறுக்கு வேண்டுமே. மடவார் வளாகத்திலிருந்து சோலைச்சாமியை ஆள் அனுப்பி வரவழைத்தார்கள். பால்ச்சாமியைப் பெண்டாட்டி முன்வரிசையில் தன் பக்கத்தில் இழுத்து உட்கார வைத்தாள்.

பெயர், எழுத்து, பாட்டு எதுவும் இல்லாமல் படம் ஆரம்பித்தது. சிவப்பாக ஒரு குகை. அதற்குள் இளஞ்சிவப்பாக, ஈரமாக, கறுப்புப் புள்ளி தெளித்தாற்போல் ஒன்று. நீண்ட மூக்குள்ள கருவிகள் இரண்டு வந்து அதை மெல்லத் தூக்கின. முறுக்கு கடிக்கும் சத்தம் நின்றுவிட்டது. “இது ஒன் நெஞ்சுதானாட்டி?” என்று சுடலைமாடத்தி கேட்டாள். “எனக்கு எப்படித் தெரியும்? நான் தூங்கிட்டுல இருந்தேன்” என்றாள் சீனியம்மாள்.

கொஞ்சம் ரத்தம் கசிந்தது. ஒரு கருவி சின்னதாய் மடித்த வெள்ளைத் துணியைக் கொண்டுவந்து அங்கே வைத்து ஒற்றியது. ஒரே நேரத்தில் ஏழெட்டுப் பெண்கள் கத்தினார்கள்:

“ஏட்டி, அது காஸ் துணி! நம்ம துணிலா!”

எந்த ஊரில் நெய்ததோ. ஆனால் அந்த நிமிஷம் அது சத்திரப்பட்டித் துணி இல்லை என்று யாராவது சொல்லியிருந்தால் உதை விழுந்திருக்கும். முடிச்சுப் போடுவதும் வெட்டுவதுமாக வெகுநேரம் போயிற்று. கடைசியில் ஒரு பை உள்ளே வந்து விரிந்தது. அறுத்த துண்டு அதற்குள் போயிற்று. பையின் வாயைச் சுருக்கித் துளையை நோக்கி இழுக்க ஆரம்பித்தார்கள். அத்தனை பேரும் முன்னால் சாய்ந்தார்கள்.

கரண்ட் போய்விட்டது.

தெருவில் தறிகள் ஒவ்வொன்றாக நின்றன. துணி கட்டிய அறைக்குள் புழுக்கம் தாங்கவில்லை. ஆனாலும் ஒருவரும் எழுந்து போகவில்லை. அந்த இருட்டில் சோலைச்சாமி தொண்டையைக் கனைத்தார்.

“தாயி, அன்னைக்கு நான் சொன்னது தப்பு. எடுக்கலன்னு நெசமாத்தான் நெனச்சேன். ஆனா, அதுக்கு முன்னாடி ஒன்னு இருக்கு. நீ கையத் தூக்கித் தயிர்ச்சட்டிய எடுத்தியா? அதப் பாத்ததும் எனக்கு வயிறு எரிஞ்சுபோச்சு. கூடப் பொறந்தவ நல்லா இருக்காளேன்னு சந்தோசப்படல. பன்னெண்டு வருசம், எஞ்சட்டைய நானே போட்டது கெடையாது. மழ வந்தா ஒருக்களிச்சுப் படுக்க முடியாது. அம்புட்டும் படாம இம்புட்டு ஓட்டைல முடிஞ்சிரும்னா, நான் பட்டதெல்லாம் என்னத்துக்கு?”

சீனியம்மாள் இருட்டில் தடவி அவருடைய வலது கையைப் பிடித்துக்கொண்டாள்.

“அண்ணே, ஒனக்கு வந்தப்ப அதுதான் இருந்துச்சு. அதும் இல்லேன்னா நீ எங்கள விட்டுட்டுப் போயிருப்ப. ஒன்னைய வெட்டி வெட்டித்தான அவிய கத்துக்கிட்டிருப்பாக? எனக்குச் சின்ன ஓட்டையோட போச்சுன்னா அது ஒன் புண்ணியத்துலதான்.”

சோலைச்சாமி கையை உருவிக்கொள்ளவில்லை. கொஞ்ச நேரத்தில் அவர் அழுவது கேட்டது. முக்கால் மணி நேரம் கழித்துக் கரண்ட் வந்தது.

பை வெளியே வந்தது. அதைத் தட்டில் வைத்துப் பிரித்தார்கள். சதையை இரண்டாக அறுத்துக் காட்டியதும், நடுவில் வெள்ளையாக, கெட்டியாக, நெல்லிக்காய் அளவுக்கு அது உட்கார்ந்திருந்தது. “அதுதான், அதுதான்” என்று அறை முழுக்கச் சத்தம். “நாசமாப் போறது, எம்புட்டுக்காணு இருந்துக்கிட்டு என்ன பாடு படுத்திருச்சு” என்று ஒருத்தி நெட்டி முறித்தாள். பால்ச்சாமி அதை நன்றாகப் பார்த்தான். பார்த்துவிட்டுப் பெண்டாட்டியைப் பார்த்தான். சீனியம்மாள் தலையை ஆட்டினாள். நம்பிவிட்டாள். ஆனால் அவள் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. ஒரு மாதம் செத்துக் கிடந்தவள் உடனே சிரித்துவிட முடியுமா?

படம் முடிந்தது என்று சிலர் எழுந்து புடவையை உதறினார்கள். படம் முடியவில்லை. கேமரா மறுபடி மார்புக்குள் போயிற்று. கட்டி இருந்த இடம் காலியாகக் கிடந்தது. மிச்சம் இருந்த நுரையீரல் காற்றில்லாமல், கறுத்து, கசங்கி, ஒரு மூலையில் ஒட்டிக் கிடந்தது. “அய்யய்யோ, இதென்ன இப்படிக் கெடக்கு” என்றாள் சுடலைமாடத்தி.

அப்போது அதன் அடியில் ஓர் அசைவு தெரிந்தது. எங்கிருந்தோ மூச்சு வந்தது. ஓரத்தில் ஒரு விரற்கடை இளஞ்சிவப்பானது. இன்னொரு மூச்சு வந்தது. மடிப்பு ஒவ்வொன்றாகப் பிரிந்தது, கறுப்பு விலகியது, சிவப்பு மேலே மேலே ஏறியது. எழுந்தவர்கள் அப்படியே உட்கார்ந்துவிட்டார்கள். அது காலியாகக் கிடந்த இடத்துக்குள் மெல்லப் பரவி, பளபளவென்று விம்மி, திரை முழுவதையும் நிறைத்தது.

சீனியம்மாள் வாய்விட்டு அழுதாள். நோய் என்று தெரிந்த நாளிலிருந்து அவள் மற்றவர் முன்னால் அழுதது அதுதான் முதல் தடவை.

“ஏட்டி சீனி, என்னத்துக்கு அழுத? அதான் எடுத்தாச்சுலா? எல்லாரும் பாத்தோம்லா?” என்று சுடலைமாடத்தி பதறினாள்.

“எடுத்ததுக்கு இல்லக்கா” என்றாள். தன் மார்பில் கையை வைத்துக்கொண்டாள். “இந்தா, இது இங்கதான் இருக்கு. ஒரு மாசமா நான் படுத்து நாள எண்ணிக்கிட்டு இருந்தேன். இது பாட்டுக்கு உள்ள இருந்து எனக்கு மூச்சு விட்டுக்கிட்டே இருந்திருக்கு, பாருங்க.”

பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு, அந்தக் கடைசி இடத்தை மட்டும் திருப்பிப் போடச் சொன்னாள்.